இடது பக்கம் நின்றவள்

கிடங்கில் அவளை எல்லோரும் ஊசி என்றுதான் கூப்பிடுவார்கள். வருகைப் பதிவேட்டில் வேறு பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவளே வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வாள். ஊசி என்ற பெயர் கூடைப்பந்து மைதானம் கொடுத்தது. இரண்டு பேர் தோளோடு தோள் ஒட்டி நின்றாலும் நடுவில் ஒரு சந்து கண்டுபிடித்து, பந்தைத் தட்டிக்கொண்டே அந்தப் பக்கம் போய்விடுவாள். எப்படிப் போனாள் என்று அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும்போது பந்து கூடைக்குள் விழுந்திருக்கும்.

வயது முப்பத்தாறு. வீட்டுச் சாமான்கள் அடுக்கி வைக்கும் பெரிய கிடங்கு ஒன்றில் ஒன்பது வருடமாகச் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டினாள். சனிக்கிழமை சாயங்காலங்களில் வேலைக்குப் போகும் பெண்களுக்கான போட்டித் தொடர் நடக்கும். ஆறு அணிகள். கிடங்கு அணிக்கு அவள்தான் கார்ட். பந்தை முன்னால் கொண்டுபோவதும், வழி மறிப்பவர்களைத் தாண்டி வளையத்துக்கு அடியில் நுழைவதும் அவள் பொறுப்பு. பயிற்சியாளர் அவளுடைய சொந்த அண்ணன். நகரப் பேருந்து ஓட்டுநர். வாரம் முழுக்க ஹார்ன் அடித்து அடங்காத ஆத்திரத்தை எல்லாம் சனிக்கிழமை தங்கையின் மேல் கொட்டுவார்.

ஆத்திரத்துக்குக் காரணமும் இருந்தது. இரண்டு வருடமாக ஊசி இடது பக்கம் நுழையவே முடியவில்லை. வலது பக்கம் போனால் பழைய ஊசிதான். இடது பக்கம் திரும்பினால் போதும், எங்கிருந்தோ ஒரு கை வந்து பந்தைப் பிடுங்கிக்கொண்டு போகும்.

"உன் இடது கை செத்துப்போச்சு, அவ்வளவுதான்" என்றார் அண்ணன். "ரெண்டு மாசம் வலது கையைத் தொடாத. சோறு தின்றதுகூட இடது கைலதான்."

அவளும் விடவில்லை. வலது கையைத் துப்பட்டாவால் இடுப்போடு கட்டிக்கொண்டு, வீட்டு வராந்தாவில் இடது கையால் பந்து தட்டினாள். கீழ்வீட்டுக்காரர் இரண்டு முறை மாடியேறி வந்துவிட்டார். வாஷிங் மெஷின் பழுது பார்க்கிற அவள் கணவர்தான் சமாதானம் சொல்லி அனுப்பினார். "மன்னிச்சுக்கங்க சார். நானும் இந்த டமடம சத்தத்துலதான் குடும்பம் நடத்துறேன். உங்களுக்குக் கூரை வழியா வருது, எனக்கு நேராவே வருது."

இரண்டு மாதத்தில் இடது கை வலது கையைவிட நன்றாகப் பழகிவிட்டது. ஆனால் சனிக்கிழமை ஆட்டத்தில் ஒன்றும் மாறவில்லை. அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. கை கேட்கிறது, கால் கேட்கிறது, பந்து மட்டும் போய்விடுகிறது.

அந்த வருடத்தின் நான்காவது ஆட்டம் சூப்பர் மார்க்கெட் அணியோடு. அந்த அணியில் ஒருத்தியைக் கதவு என்பார்கள். பில் போடும் கவுன்டரில் வேலை. நல்ல உயரம், அகலமான தோள். அவளைத் தாண்டிப் போனவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அன்றைக்கு ஊசியிடமிருந்து ஐந்து முறை பந்தைத் தட்டினாள் கதவு. ஐந்தும் இடது பக்கத்தில். ஐந்தாவது முறை அண்ணன் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் தரையில் அறைந்தார்.

ஆட்டம் முடிந்து உடை மாற்றும் அறையில் ஊசி ஷூவின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் போய்விட்டிருந்தார்கள். கதவு உள்ளே வந்து வாசலருகிலேயே நின்றாள்.

"உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும். தப்பா எடுத்துக்காதீங்க."

"இன்னும் என்ன இருக்கு சொல்றதுக்கு? அஞ்சு தடவை சொல்லிட்டீங்களே" என்றாள் ஊசி. சிரிக்க முயன்றாள்.

கதவு சிரிக்கவில்லை. "போன வியாழக்கிழமை எங்க கடைக்கு வந்தீங்க. ஞாபகம் இருக்கா? நான் உங்க பக்கத்துல நின்னு கையாட்டினேன். ஒரு கை தூரம்தான். நீங்க திரும்பவே இல்ல. மொதல்ல, ரொம்பத்தான் தலைக்கனம்னு நினைச்சேன். அப்புறம் தள்ளுவண்டியை நேரா கொண்டுபோய் டப்பா அடுக்கின இடத்துல மோதுனீங்க. இடது பக்கம்."

"கவனிக்கல. அதுக்கென்ன இப்போ?"

"கொஞ்சம் நேரா பாருங்க. அந்தச் சுவத்துல இருக்கிற கடிகாரத்தைப் பாருங்க. தலையைத் திருப்பாதீங்க."

ஊசி கடிகாரத்தைப் பார்த்தாள். மணி ஆறே முக்கால். கதவு நடந்து வந்து அவளுக்கு இடப்புறமாக நிற்பது காலடிச் சத்தத்தில் தெரிந்தது.

"எத்தனை விரல் காட்டுறேன்?"

"கையை எங்க வச்சிருக்கீங்க? முதுகுக்குப் பின்னாடியா?"

ஊசி திரும்பினாள். அவள் காதுக்கு நேராக, ஒரு முழத் தூரத்தில், ஐந்து விரலையும் விரித்துக்கொண்டு நின்றிருந்தாள் கதவு.

ஊசிக்குத் தூக்கிவாரிப்போட்டது. மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தாள். கை காணாமல் போனது. திரும்பினாள். கை இருந்தது. மூன்று முறை பார்த்தாள். நான்காவது முறை பார்க்கப் பயமாக இருந்தது. வலது பக்கம் வரச் சொல்லிப் பார்த்தாள். அங்கே கை தெரிந்தது, விரல்கள் அசைவதுகூட.

"எப்போலேர்ந்து தெரியும் உங்களுக்கு?" என்றாள் கடைசியில்.

கதவு தரையைப் பார்த்தாள். "இடது பக்கம் வந்தா நீங்க பாக்கமாட்டீங்கன்னு ரெண்டு வருஷமா தெரியும். ஏதோ பழக்கக் கோளாறுன்னு நினைச்சேன். அதை வச்சு நாங்க நாலு ஆட்டம் ஜெயிச்சிருக்கோம். இது கண்ணுன்னு சந்தேகம் வந்தது வியாழக்கிழமைதான். அப்போவே வந்து சொல்லியிருக்கணும். ஆட்டம் முடியட்டும்னு இருந்துட்டேன்."

"ஆட்டம் முடியட்டும்னா?"

"ஆமா."

ஊசி எழுந்தாள். ஒரு ஷூவோடு, ஒரு வெறுங்காலோடு வெளியே போய்விட்டாள். வண்டி நிறுத்துமிடத்தில் அண்ணன் இன்னும் கத்திக்கொண்டிருந்தார். அவர் சொன்னது ஒரு வார்த்தைகூட அவள் காதில் ஏறவில்லை.

செவ்வாய்க்கிழமை கண் மருத்துவமனைக்குப் போனாள். விளக்கணைத்த சின்ன அறையில் ஒரு கருவி. தாடையைத் தாங்கியில் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்க்க வேண்டும். எங்கேயாவது ஒளிப்புள்ளி தெரிந்தால் கையிலிருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். வலது கண்ணுக்கு அவள் விரல் ஓயாமல் அமுக்கியது. இடது கண்ணுக்கு நடுவில் சில புள்ளிகள் வந்தன. பிறகு ஒன்றும் வரவில்லை. அவள் காத்திருந்தாள்.

"மேடம், மெஷின் நின்னுடுச்சு போல" என்றாள்.

"ஓடிட்டுதாங்க இருக்கு" என்றார் கருவியை இயக்கிய பெண். அந்தக் குரலில் இருந்த மென்மைதான் ஊசியை நடுங்க வைத்தது.

டாக்டர் இரண்டு படங்களை மேஜையில் வைத்தார். வலது கண் படம் சாம்பல் நிறத்தில், ஒரு ஓரத்தில் மட்டும் லேசான கறை. இடது கண் படம் கரிக்கட்டை போல இருந்தது. நடுவில் மட்டும் நாணயம் அளவுக்கு வெளிச்சம்.

"கண்ணுக்குள்ள அழுத்தம் கூடி நரம்பை அரிச்சிருக்கு. வலி இருக்காது. நேரா பாக்குறது கடைசி வரைக்கும் தெளிவா இருக்கும். அதனாலதான் தெரியாம போச்சு."

"ஒரு கண்ணு பக்கவாட்டுல போயிடுச்சுன்னா எனக்குத் தெரியாதா டாக்டர்?"

"உங்க வலது கண்ணு இடது கண்ணோட வேலையையும் சேர்த்துப் பாத்திருக்கு. ஆனா இடது பக்கம் ரொம்ப ஓரத்துக்குப் பாக்கணும்னா அதால முடியாது. உங்க மூக்கு குறுக்க நிக்கும்." டாக்டர் தன் மூக்கைத் தொட்டுக் காட்டினார். "குனிஞ்சு பந்து தட்டுறப்போ இன்னும் மோசம்."

இரண்டு வருடமாகத் தன்னை மறித்தது தன் மூக்குதான் என்று கேட்டபோது ஊசிக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியிலேயே வேறு ஏதோவாக மாறியது. டாக்டர் டிஷ்யூ பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினார்.

"போனது போனதுதான். மிச்சத்தைக் காப்பாத்தலாம். தினமும் சொட்டு மருந்து, ஆயுசுக்கும். விளையாடலாம், பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கங்க. என்ன வேலை பாக்குறீங்க?"

அந்தக் கேள்வி வரும்வரை அவளுக்கு அது தோன்றவே இல்லை.

"ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுறேன்" என்றாள்.

எட்டு மாதத்துக்கு முன்னால் கிடங்கின் பதினான்காவது வரிசையில் திரும்பும்போது, பெட்டிகளில் லேபிள் ஒட்டும் பெரியவர் ஒருவர் அலறிக்கொண்டு அலமாரிக்குள் பாய்ந்தார். வண்டியின் இரும்பு நாக்கு அவர் சட்டையை உரசிக்கொண்டு போனது. ஊசி பிரேக் போட்டுவிட்டு அவரைத்தான் திட்டினாள். "கண்ணு தெரியலையா உங்களுக்கு? வண்டி வர்றது தெரியாம குறுக்க நிக்கிறீங்க!" அவர்தான் மன்னிப்புக் கேட்டார். வரிசை முனைகளில் இருந்த இரும்புத் தூண்களும் அவளுக்கு இப்போது ஞாபகம் வந்தன. இடது பக்கம் திரும்பும் முனைகளில் எல்லாம் தூண் நசுங்கியிருந்தது. யார் மோதுகிறார்கள் என்று கூட்டம் போட்டு விசாரித்தபோது, "எனக்குத் தெரியாது" என்று மனசாரச் சொன்னவர்களில் அவளும் ஒருத்தி.

மறுநாள் காலை வேலை தொடங்குமுன் மேற்பார்வையாளரின் மேஜையில் வண்டிச் சாவியை வைத்தாள். டாக்டரின் காகிதத்தை அதன் மேல் வைத்தாள். அவர் அதை இரண்டு முறை படித்தார்.

"சொல்லாம இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே" என்றார்.

"எனக்குத் தெரியுமே சார்."

பிறகு பதினான்காவது வரிசைக்கு நடந்து போனாள். லேபிள் பெரியவர் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முதலில், "அட, விடும்மா, அதான் ஒண்ணும் ஆகலையே" என்று சிரித்தார். அடுத்த நொடி அவர் முகம் மாறியது. கையிலிருந்த லேபிள் சுருள் கீழே விழுந்து உருண்டது. "எட்டு மாசமா நான் இதே வரிசையிலதான் நிக்கிறேன்" என்றார் மெதுவாக. ஊசி குனிந்து அந்தச் சுருளை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

ஊசியைச் சரக்கு அனுப்பும் மேஜைக்கு மாற்றினார்கள். கம்ப்யூட்டர், பட்டியல், தொலைபேசி. பந்தைத் தொடாமல் மூன்று வாரம் போனது.

நான்காவது ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டு மணி அடித்தது. கதவைத் திறந்தால் கதவு நின்றிருந்தாள். கணவருக்கு அவளைத் தெரியும். "கதவைத் திறந்தா இன்னொரு கதவு" என்று முணுமுணுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

"உங்களை எப்படி நிறுத்துறதுன்னு இந்த ஊருலயே எனக்குத்தான் நல்லா தெரியும்" என்றாள் அவள். "அப்போ என்னை எப்படித் தாண்டுறதுன்னும் நான்தான் சொல்லணும். அப்போ சொல்லாததுக்கு இப்போ சொல்றேன். ஷூவைப் போடுங்க."

"பாவம் பாத்து வந்தீங்களா?"

"எனக்குத் தூக்கம் வரல. அதனால வந்தேன்."

ஊசி அவளை வாசலிலேயே நிறுத்தி வைத்துக் கொஞ்சம் யோசித்தாள். கோபம் போகவில்லை. ஆனாலும் ஷூவைப் போட்டுக்கொண்டாள்.

யாரும் இல்லாத மைதானத்தில் கதவு முகத்துக்கு நேராகச் சொன்னவை ஊசிக்குக் கண் விஷயத்தைவிடச் சற்றுக் குறைந்த அதிர்ச்சிதான். "உங்ககிட்ட வேகம் மட்டும்தான் இருந்துச்சு. வேற ஒண்ணுமே இல்ல. எப்பவும் ஒரே வேகம். அதுக்குத் தகுந்த மாதிரி நான் முன்னாடியே ஓடிடுவேன். ஒரு தடவையாவது மெதுவா வந்திருக்கீங்களா?"

பதினெட்டு வருட ஆட்டக்காரிக்கு இது சுருக்கென்று குத்தியது. ஆனாலும் செய்து பார்த்தாள். இரண்டு தட்டு சோம்பலாக, நிமிர்ந்த முதுகோடு, வேறு யாருக்காவது பந்தைக் கொடுக்கப்போகிறவள் போல. எதிரில் கதவின் முழங்கால் தளர்வது தெரிந்தது. அந்த நொடியில் குனிந்து பாய்ந்தாள். முதல் முறையாகக் கதவின் கை காற்றைத்தான் பிடித்தது.

"இப்போ இன்னொண்ணு. நீங்க என்னைச் சுத்திக்கிட்டுப் போறீங்க. வளைஞ்சு போனா எனக்கு நேரம் கிடைச்சிடுது. என் முன்னங்காலுக்குப் பக்கத்துலயே உங்க காலை வைங்க. தோள் என் இடுப்பை உரசணும். ஒட்டிப் போனா நான் திரும்பித்தான் துரத்தணும். ரெண்டு மூணு குட்டித் தட்டு வேண்டாம், ஒரே நீளத் தட்டு."

அடிக்கடி மோதி விழுந்தார்கள். மூன்றாவது ஞாயிறு ஒருவரையொருவர் நீ என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள். இடது பக்கம் மட்டும் பயம் போகவில்லை. அங்கே யார் நிற்கிறார்கள் என்று தெரிய ஊசி தலையை முழுக்கத் திருப்ப வேண்டியிருந்தது. ஒருமுறை அப்படித் திருப்பியபோது, கதவு சட்டென்று அந்தப் பக்கம் தாவினாள். வலது பக்கம் முழுவதும் காலியாகக் கிடந்தது.

"ஏன் அந்தப் பக்கம் போன?"

"நீ பாத்தியே! போகப்போறன்னு நினைச்சேன்."

இருவரும் அப்படியே நின்றார்கள். ஊசிக்கு அப்போதுதான் புரிந்தது. பார்ப்பதற்காகத் தலையைத் திருப்புகிறாள். அதையே எதிராளி நம்பிவிடுகிறாள். பார்த்துவிட்டு எதிர்ப்பக்கம் போகலாம். இல்லாவிட்டால் பார்த்த பக்கமே போகலாம். எது என்று எதிராளிக்குத் தெரியாது.

"இதை நான் உனக்குச் சொல்லிக் கொடுக்கல" என்றாள் கதவு, கொஞ்சம் கலவரத்தோடு. "ஆட்டத்துல இரக்கம் காட்டமாட்டேன், சொல்லிட்டேன். இடது பக்கம்தான் வருவேன்."

"வா. வரலைன்னாதான் கோச்சுக்குவேன்."

சூப்பர் மார்க்கெட் அணியோடு நடந்த அடுத்த ஆட்டத்தில் கதவு சொன்னபடியே வந்தாள். ஏழு முறை ஊசி இடது பக்கம் நுழைந்தாள். நான்கு முறை பந்து பறிபோனது. மூன்று முறை தாண்டிப் போனாள். மூன்றாவது முறை கதவின் தோளை உரசிக்கொண்டு வளையத்துக்கு அடியில் வந்தபோது அரங்கத்தில் யாரோ விசில் அடித்தார்கள். அண்ணன் பெஞ்சிலிருந்து எழுந்து கோட்டருகில் நின்றபடி, "இடது! இடது பக்கம் பாரு!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்.

ஆட்டத்தின் கடைசிக் கால் பகுதியில், யாரோ ஒருத்தி எறிந்த பந்து தப்பி, கோட்டுக்கு வெளியே பறந்தது. வேகமான பந்து அல்ல. அண்ணனின் இடப்புறமிருந்து வந்தது. பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் விலகினார்கள். அவர் விலகவில்லை. கையைத் தூக்கவில்லை. கண்ணிமைகூட அசையவில்லை. பந்து கன்னத்தில் அறைந்த பிறகுதான் திடுக்கிட்டார்.

சிலர் சிரித்தார்கள். ஊசி மைதானத்தின் நடுவில் கல்லாய் நின்றாள். எதிரே கதவு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். கூடப் பிறந்தவர்களையும் பரிசோதிக்க வேண்டும் என்று டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். அண்ணனிடம் இரண்டு முறை சொல்லியாகிவிட்டது. "எனக்குக் கழுகுக் கண்ணு" என்று தட்டிக்கழித்திருந்தார்.

கிடங்கு அணி நான்கு புள்ளிகளில் தோற்றது. ஊசி அவரை வண்டி நிறுத்துமிடத்தில் மடக்கினாள்.

"திங்கக்கிழமை என்கூட வர்றீங்க."

"பந்து பட்டதுக்கெல்லாமா ஆஸ்பத்திரி? லைசென்ஸைப் பிடுங்கிட்டாங்கன்னா நான் என்ன பண்றது? எனக்கு வேற என்ன தெரியும்?"

"எனக்கு மட்டும் வேற என்ன தெரியும்ணா? நான் சாவியைக் கொடுக்கலையா? உங்க பின்னாடி அம்பது பேரு உக்காந்து வர்றாங்க. நான் ஒரு ஆளைத்தான் சாகடிக்கப் பாத்தேன்."

அவர் வண்டியின் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். பிறகு, சம்பந்தமே இல்லாதது போல, "அம்மா கடைசியில எல்லா நிலைப்படியிலும் மோதிக்கிட்டே இருப்பாங்களே" என்றார். "நாமதான் அவங்களைக் கத்துவோம். பாத்து நடக்கத் தெரியாதான்னு."

அம்மா போய் ஆறு வருடம். இந்தக் கணக்கு ஊசிக்கு இதுவரை தோன்றவே இல்லை. எல்லோரும் வயசாகிவிட்டது என்றுதான் சொன்னார்கள். அம்மாவும் அதையே சொன்னாள்.

திங்கட்கிழமை அண்ணன் அந்தச் சின்ன அறைக்குள் போனார். வெளியே நாற்காலியில் ஊசி உட்கார்ந்திருந்தாள். கதவு விடுப்புப் போட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். யாரும் கூப்பிடவில்லை, தானாக வந்தாள். அரை மணி நேரம் கழித்து அண்ணன் வெளியே வந்தார். பேயறைந்த முகம்.

"ரெண்டு கண்ணுலயும் ஆரம்பிச்சிருக்கு" என்றார். "ஆனா ஆரம்பம்தானாம். பஸ் ஓட்டலாமாம், இப்போதைக்கு. தினமும் சொட்டு மருந்து போடணும், ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பாக்கணும். இன்னும் ரெண்டு வருஷம் விட்டிருந்தா..." உட்கார்ந்து தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டார். சின்ன வயதில்கூட அவர் அப்படிப் பிடித்ததாக அவளுக்கு நினைவில்லை. டிப்போ மேலாளரிடம் அவரே போய்க் காகிதத்தைக் கொடுத்தார்.

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. ஊசியின் இடது கண் அதே அளவில் நிற்கிறது. வலது கண் மேலும் கெடவில்லை. சரக்கு மேஜையில் அவளுக்கு இப்போது ஒரு உதவியாளர் உண்டு. கிடங்கில் வண்டி ஓட்டுகிற எல்லோருக்கும் வருடம் ஒருமுறை கண் பரிசோதனை. அதை எழுதிக் கேட்டவள் அவள், கூடவே கையெழுத்துப் போட்டவர் லேபிள் பெரியவர். அணி இந்த வருடம் ஆறில் நான்காவது. இடது பக்கம் நுழையும்போது இன்றைக்கும் ஒரு கணம் பயம் வருகிறது என்று சொல்கிறாள்.

தினமும் காலை ஏழு மணிக்கு அண்ணனுக்குப் போன் செய்வாள். இன்றைக்கும் செய்தாள்.

"போட்டாச்சா?"

"போட்டாச்சு."

"பொய் சொல்லாதீங்க. டிப்போ சத்தம் கேக்குது, மருந்து வீட்டுல ஃப்ரிட்ஜுல இருக்கு."

மறுமுனையில் சாவிக்கொத்து குலுங்கியது. பிறகு அண்ணன், "இதோ, வீட்டுக்குத் திரும்புறேன்" என்றார்.